வெளியே ஒத்தை, உள்ளே ரெட்டை

“உள்ளேயா, வெளியேயா?” என்று அக்கா கேட்டாள்.

எதிரே நின்றவர் புதிதாக கிளினிக் திறக்கப்போகும் பல் டாக்டர். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, “வாசல்ல ஒரு விளம்பரக் கொடி, உள்ள ரிசப்ஷன்ல ஒண்ணு. ரெண்டையும் ஒரே மாதிரி அடிச்சிடுங்களேன்” என்றார்.

“ஒரே மாதிரி அடிச்சா ரெண்டுல ஒண்ணு வீண் சார்.”

அத்தான் காணாமல் போனதிலிருந்து அக்கா சரியாகத் தூங்குவதில்லை. தட்டில் போட்டதைப் பாதியில் வைத்துவிடுகிறாள். ஆனால் கடையில் ஒரு ஆள் வந்து நின்றால் போதும், சாவி கொடுத்த பொம்மை மாதிரி பேச ஆரம்பித்துவிடுவாள். இரண்டு மாதிரித் துணிகளை எடுத்து மேஜையில் விரித்தாள்.

“இது வெளியில. மெல்லிசு, ஒத்தைத் துணி. காத்து உள்ள புகுந்து போகும், கொடி நல்லா ஆடும். இங்க போய் கனமாப் போட்டீங்கன்னா கம்பம் வளைஞ்சு, வர்ற பேஷண்டுக்கெல்லாம் வணக்கம் போடும்.”

டாக்டர் சிரித்தார். “சரி, பின்னாடிப் பக்கம் என்ன தெரியும்?”

“படம் பின்னாடியும் ஊறி இறங்கும். ஆனா திருப்பித் தெரியும், கண்ணாடியில பார்க்கற மாதிரி. பரவாயில்ல, ரோட்டுல போறவங்க முன்பக்கம்தான் பார்ப்பாங்க.”

“உள்ள?”

“உள்ள காத்து கிடையாது. ரெண்டு பக்கமும் ஆள் நடப்பாங்க. அதனால ரெண்டு துணி, நடுவுல ஒரு கறுப்புத் துணி வெச்சுத் தெச்சுடுவோம். எந்தப் பக்கம் நின்னு பார்த்தாலும் நேராத் தெரியும்.”

“நல்லாத் தெரிஞ்சு வெச்சிருக்கீங்களே!”

“எங்க வீட்டுக்காரர் சொல்றது. வெளியில ஒத்தை, உள்ள ரெட்டை.”

“சார் எங்க?”

“வெளியில போயிருக்கார்” என்றாள் அக்கா.

பின்னால் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி ஓடியது. அங்கே உட்கார்ந்திருந்தது அத்தை, அத்தானின் அம்மா.

டாக்டர் ஒன்றும் கவனிக்கவில்லை. “கலர் மட்டும் பளிச்னு இருக்கணும்மா. ஹைவேல, வண்டி கழுவுற ஷெட் பக்கத்துல ஒரு கொடி நிக்குது பாருங்க. யாரோ காணாமப் போயிட்டாராம். அந்த ஆள் சிரிச்சிட்டு இருப்பாரு. தூரத்துலருந்தே பல் வரிசை தெரியுது. அந்த மாதிரி வேணும்.”

நான் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

“அதே துணிதான் சார்” என்றாள் அக்கா. “அதே மெஷின்தான்.”

“அட, நீங்க அடிச்சதா! அந்த ஆள் கிடைச்சிட்டாரா?”

“இன்னும் இல்ல.”

அவள் “ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. டாக்டர் என்னிடம் திரும்பி, “எத்தனை நாள் தாங்கும் தம்பி?” என்றார்.

எங்கள் கடையில் அந்தக் கேள்வியை நாங்கள்தான் கேட்போம். எத்தனை நாளைக்கு வேண்டும்? திறப்பு விழாவுக்கு மட்டும் என்றால் ஒரு துணி. மூன்று மாத விற்பனைக்கு ஒரு துணி. இரண்டு வருஷம் வெயில் மழையில் நிற்க வேண்டுமென்றால் வேறு துணி, வேறு மை. உள்ளேயா வெளியேயா என்று கேட்டதும் அடுத்த மூச்சில் அதைக் கேட்டுவிட வேண்டும். பழக்கம்.

அந்தப் பழக்கத்தில்தான் அன்றைக்கு நான் அப்படிக் கேட்டேன்.

அத்தானுக்கு ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதையும், அதற்குப் பிறகு அவருக்குப் பேர்கள் ஒவ்வொன்றாக நழுவிப்போனதையும் முந்தைய வாரங்களில் சொல்லியிருக்கிறேன். முதலில் வாடிக்கையாளர் பேர் போனது. அப்புறம் என் பேர். எனக்கு அவர் வைத்த பட்டப்பேர் மட்டும் நின்றது. நான் எப்போதும் போனில் மழை வருமா, காற்று வருமா என்று பார்த்துக்கொண்டே இருப்பதால், எனக்கு ‘வானிலை’ என்று பேர். “என்ன வானிலை, இன்னிக்கு உலகம் அழியுமா?” என்பார்.

பேர்கள் போனாலும் கைகளில் வேலை இருந்தது. கம்பத்தைக் கொடுத்தால் மாட்டுவார். கயிற்றைக் கொடுத்தால் கட்டுவார். ஒரு நாள் காலை, “கொடி கட்டிட்டு வந்துடறேன்” என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அன்றைக்கு ஆர்டர் எதுவும் இல்லை. போன் மேஜையிலேயே கிடந்தது. அப்புறம் அவர் வரவில்லை.

போலீஸில் சொன்னோம். ஆஸ்பத்திரிகளில் தேடினோம். கடைசியில், கொடிக் கடைக்காரர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தோம். அவர் முகத்தைக் கொடியாக அடிக்க உட்கார்ந்தோம். கடைசியாக எடுத்த படம். வெள்ளைத் துணிக்கு முன்னால் நிற்க வைத்து அக்கா எடுத்தது. இடது புருவத்துக்கு மேலே, விழுந்தபோது போட்ட தையலின் தழும்பு. அக்கா ஏதோ சொல்லியிருக்கிறாள், பல் தெரியச் சிரிக்கிறார்.

நான் கம்ப்யூட்டரில் அளவைச் சரிசெய்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டேன். “எத்தனை நாளைக்குக்கா?”

அப்போதுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது.

“மூணு மாசத் துணி போதும்” என்றாள் அக்கா.

“ரெண்டு வருஷத் துணியில போடு” என்றாள் அத்தை.

அக்கா மெதுவாகத் திரும்பினாள். “ரெண்டு வருஷமா? அப்போ நீங்க ஒரு முடிவுக்கு வந்துட்டீங்களா அத்தை?”

“என்னடி முடிவு? மூணு மாசத் துணி வெயில்ல வெளுக்கும். முதல்ல போறது சிவப்பு. உதடு வெளுத்துடும். வெளுத்த மூஞ்சியோட என் பையனை ரோட்டுல நிறுத்தப் போறியா?”

“வெளுக்கறதுக்குள்ள வந்துடுவார்.”

“வரட்டும். வந்தா நான் அதைப் பாவாடையாத் தெச்சுக் கட்டிக்கறேன். நல்ல துணி வீணாப் போகாது.”

கடைசியில் மூன்று மாதத் துணிதான் போட்டோம். மொத்தம் மூன்று கொடிகள். பஸ் நிலையத்து ஹாலுக்கு ஒன்று. அது உள்ளே நிற்பது, ரெட்டைத் துணி. அத்தையே உட்கார்ந்து தைத்தாள். வெளியில் இரண்டு, இறகு மாதிரி வளைந்து நிற்கிற ஒத்தைத் துணிக் கொடிகள். ஒன்று ஹைவேயில் ஷெட் பக்கத்தில். இன்னொன்று பாலத்துக்கு அந்தப் பக்கம், பஸ் ஸ்டாப்பில். எல்லாம் அத்தானின் விதிப்படி.

அன்றிலிருந்து மாமியாரும் மருமகளும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. நடுவில் நான் இருக்கிறேனே, தபால்காரன்.

“மூணு மாசம் தாங்கும் சார்” என்றேன் பல் டாக்டரிடம். “நல்லா வெச்சுக்கிட்டா இன்னும் கொஞ்சம் கூட.”

அவர் முன்பணம் வைத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு போனைப் பார்த்தேன். மத்தியானத்துக்குமேல் பலத்த காற்று, திசை மாறி வீசும், இடியுடன் மழை என்று சிவப்பில் போட்டிருந்தது.

“அக்கா, காத்து வருது. பெரிய காத்து. வெளியில நிக்கற ரெண்டையும் எடுத்துடணும்.”

அக்கா முகம் கழுவிய ஈரத்தோடு வந்து பார்த்தாள். இதுவும் அத்தானின் விதிதான். காற்று எச்சரிக்கை வந்தால் வெளிக்கொடி வெளியில் நிற்கக் கூடாது. கம்பம் ஒடிந்து யார் தலையிலாவது விழுந்தால் அந்தப் பாவம் நமக்கு.

“ரெண்டு இடம். வேன் ஒண்ணு” என்றாள்.

மெஷின் நின்றது. அத்தை எழுந்து என்னிடம் வந்தாள். “வானிலை, உங்க அக்காகிட்ட சொல்லு. பாலத்துக் கொடியை நான் போய் எடுத்துட்டு வர்றேன். பஸ் நேரா போகுது.”

அக்கா ஓரடி தள்ளித்தான் நின்றாள். “அத்தைகிட்ட சொல்லுடா. கம்பத்தைத் தூக்கிக்கிட்டு பஸ்ல ஏற முடியாது.”

“கம்பம் மூணு துண்டாக் கழலும்னு எனக்குத் தெரியாதான்னு கேளு. அதைப் போடற பையைத் தெச்சதே நான்தான்னு சொல்லு.”

“கம்பம் சாயாம இருக்க அடியில வெச்ச தொட்டியில தண்ணி ரொம்பி இருக்கும். கனம்னு சொல்லு.”

“மூடியைத் திறந்து சாய்ச்சா தண்ணி போயிடும். என் பையன் மூஞ்சி, நான் தூக்கறேன். சொல்லிட்டியா?”

“ரெண்டு பேருக்கும் கேட்டுடுச்சு அத்தை” என்றேன்.

அத்தை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். அக்கா ஒரு குடையை எடுத்து என் கையில் திணித்தாள். நான் ஓடிப்போய் அத்தையிடம் கொடுத்தேன். யார் கொடுத்தது என்று அத்தை கேட்கவில்லை. வாங்கிக்கொண்டாள்.

வேனில் போகும்போது ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டாள். அம்மாவிடம் நாங்கள் இன்னும் சொல்லவில்லை. ஏற்கெனவே பிரஷர். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு அழுவதைத் தவிர அவளால் என்ன செய்ய முடியும்? அக்கா வேண்டாம் என்று தலையாட்டினாள். நான் எடுத்தேன்.

“உங்க அக்கா ஏண்டா என் போனை எடுக்க மாட்டேங்கறா?”

“வேலைம்மா.”

“மாப்பிள்ளை எங்க?”

“கொடி கட்டப் போயிருக்கார்.”

“அங்க காத்து மழைன்னு டிவியில சொல்றான். மறுபடி ஏணியில ஏற விடாதே. நீ ஏறு. கீழ நின்னு பிடிச்சுக்கச் சொல்லு அவரை.”

“சரிம்மா.”

“நீயும் பார்த்து ஏறு. உனக்குத்தான் எதைப் பார்த்தாலும் நடுக்கமாச்சே.”

போனை வைத்தேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் தோள் குலுங்கியது. வேன் குலுங்கியதால் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஹைவேயில் அந்தக் கொடி தூரத்திலிருந்தே தெரிந்தது. டாக்டர் சொன்னது சரிதான். முதலில் தெரிவது பல் வரிசை. அப்புறம் கண். அப்புறம் ‘காணவில்லை’. அந்தச் சாலையில் காற்று எப்போதும் ஆற்றுப் பக்கத்திலிருந்துதான் அடிக்கும். அதனால் கொடி எப்போதும் ஒரே பக்கமாக விரிந்து, முகத்தைச் சாலைக்குக் காட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

இறங்கி ஓடினேன். வானம் கறுத்துவிட்டது. இவ்வளவு காற்றுக்குக் கொடியின் அடிக்கயிறு தளர்ந்து, துணி கம்பத்தில் மேலே ஏறியிருக்கும் என்று நினைத்தேன். தளரவில்லை. முறுக்கேறி, தட்டினால் சத்தம் வரும்போல் நின்றது.

அவிழ்க்கக் குனிந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

நான் கட்டினால் ஒரு சுற்று சுற்றி, பூ மாதிரி ஒரு முடிச்சுப் போடுவேன். “என்னடா இது, ஷூவுக்கா கட்டறே?” என்று அத்தான் திட்டுவார். அவர் கட்டினால் இரண்டு சுற்று. மிச்ச நுனியை மேலே பார்த்துச் செருகிவிடுவார். தொங்கவிட்டால் போகிற வருகிற குழந்தைகள் இழுக்கும் என்பார்.

கம்பத்தின் அடிக்கொக்கியில் இரண்டு சுற்று இருந்தது. நுனி மேலே பார்த்துச் செருகியிருந்தது.

“அக்கா” என்றேன். “அக்கா, இங்க வா.”

அவள் வந்து பார்த்தாள். சேறு என்றும் பார்க்காமல் அப்படியே முழங்காலில் உட்கார்ந்தாள். விரலை முடிச்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். தொடவில்லை.

“நீ கட்டினதில்லையே?”

“சத்தியமா இல்லக்கா.”

ஷெட்டுக்குள்ளிருந்து ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் வந்தாள். கையில் தண்ணீர்க் குழாய். “கொடிக்காரங்களா? காலையிலதான் உங்க ஆள் வந்து கட்டிட்டுப் போனாரே. திரும்ப எதுக்கு வந்தீங்க?”

அக்கா எழுந்தாள். “எங்க ஆளா?”

“ஆமா. கயிறு அவிழ்ந்து படபடன்னு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. வந்தார், பார்த்தார், ரெண்டு இழுப்புல சரி பண்ணிட்டார். அப்படி ஒரு கை! நான்கூட எங்க தார்ப்பாயைக் கட்டித் தர்றீங்களான்னு கேட்டேன். கட்டிக் குடுத்தார். அதோ பாருங்க.”

ஷெட்டின் கூரை ஓரத்தில் நீலத் தார்ப்பாய். நாலு மூலையிலும் நுனி மேலே பார்த்துச் செருகியிருந்தது.

“எப்படி இருந்தார்?” என்று கேட்டாள் அக்கா.

“இளைச்ச ஆளு. தாடி. சட்டை அழுக்கு. ஏன், சம்பளம் ஒழுங்காக் குடுக்கறதில்லையா நீங்க? தண்ணி கேட்டார், குடுத்தேன். பன் இருந்துச்சு, அதையும் குடுத்தேன். அந்தக் கட்டை மேலதான் உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்டுக்கிட்டே இந்தக் கொடியையே பார்த்துக்கிட்டு இருந்தார்.”

“ஏதாவது சொன்னாரா?”

“இது யாருன்னு கேட்டார்.”

அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

“யாரோ காணாமப் போனவராம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டே இருந்தார். ‘பாவம், வீட்டுல சாப்பிட்டிருக்க மாட்டாங்களே’ன்னார். பாதி பன்னை அப்படியே வெச்சுட்டார்.”

அக்கா கடையில் பேசுகிற அதே குரலில், ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள். “நெத்தியில தழும்பு இருந்துச்சா?”

“இருந்துச்சே. இங்க.” அந்தப் பெண் தன் இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினாள். பிறகு சிரித்தாள். “நானும் அதைத்தான் பார்த்தேன். மூக்கும் முழியும் பார்த்தா இந்தக் கொடியில இருக்கறவர் மாதிரியே இருக்காரேன்னு ஒரு சந்தேகம். ஆனா கொடியில இருக்கறவருக்குத் தழும்பு அந்தப் பக்கம். இவருக்கு இந்தப் பக்கம். இல்லேன்னா அப்பவே போன் பண்ணியிருப்பேன். அதுவும் இங்கருந்து பார்த்தா நம்பர் எங்க ஒழுங்காத் தெரியுது, எல்லாம் திரும்பித் தெரியுது.”

ஷெட் கொடிக்குப் பின்னால் இருக்கிறது. அவள் தினமும் பார்ப்பது பின்பக்கம்.

அப்போதுதான் காற்று மாறியது.

ஆற்றுப் பக்கக் காற்று சட்டென்று நின்றது. கொடி ஒரு நிமிஷம் துவண்டு கம்பத்தில் சாய்ந்தது. பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வீச்சு வந்தது. கம்பம் கிறீச்சென்று சுழன்று, கொடி முழுசாகத் திரும்பி ஷெட்டைப் பார்த்து விரிந்தது. அத்தான் எங்கள் மூன்று பேரையும் பார்த்துச் சிரித்தார். எழுத்து நேராக இருந்தது. நம்பர் நேராக இருந்தது. தழும்பு இடது புருவத்தின் மேல் இருந்தது.

அந்தப் பெண்ணின் கையிலிருந்து குழாய் நழுவியது. தண்ணீர் தரையில் ஓடியது.

“ஐயோ” என்றாள். “ஐயோ, அவரேதானா? உங்களுக்கு அவரு...”

“வீட்டுக்காரர்” என்றாள் அக்கா.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா அவள் தோளைத் தொட்டு, “உங்க தப்பு இல்லக்கா. தண்ணி குடுத்தீங்களே” என்றாள். “எந்தப் பக்கம் போனார்?”

“பாலத்துப் பக்கம். கிளம்பும்போது, இந்த மாதிரி இன்னொண்ணு எங்கயாவது இருக்கான்னு கேட்டார். காத்து வருது, அதுவும் தளர்ந்திருக்கும், கட்டணும்னார். பாலத்துக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்புல ஒண்ணு பார்த்தேன்னு நான்தான் சொன்னேன். நடந்தே போனார்.”

பாலத்துக்கு அந்தப் பக்கம். பஸ் ஸ்டாப்.

அந்தக் கொடியை எடுக்கத்தான் நாங்கள் அத்தையை அனுப்பியிருந்தோம்.

“டேய், வண்டியை எடு” என்றாள் அக்கா.

“இந்தக் கொடி? கம்பம் ஒடிஞ்சுடும்க்கா.”

“ஒடியட்டும். அந்த முடிச்சை யாரும் அவிழ்க்கக் கூடாது.”

வேனைக் கிளப்பினேன். கியர் இரண்டு தடவை தவறியது. முதல் மழைத்துளிகள் கண்ணாடியில் கூழாங்கல் மாதிரி விழுந்தன. அக்கா அத்தைக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கட் ஆனது. மறுபடி போட்டாள்.

இத்தனை நாள் இருவரும் பேசாதது நினைவுக்கு வந்து, நான், “என்கிட்ட குடுக்கா” என்றேன். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

“ஹலோ” என்றது அத்தையின் குரல். பின்னால் காற்று ஊளையிட்டது. அக்கா ஸ்பீக்கரைப் போட்டாள்.

“அத்தை, நான்தான். கொடியை எடுத்துட்டீங்களா?”

“எடுத்துட்டேம்மா. தண்ணியைக் கொட்டி, கம்பத்தைக் கழட்டி, எல்லாம் ஆச்சு. துணியைச் சுருட்டி மடியில வெச்சிருக்கேன். நனையல. பயப்படாதே.”

“அத்தை, அவிழ்க்கும்போது முடிச்சு எப்படி இருந்துச்சு?”

“என்ன கேள்விடி இது?”

“சொல்லுங்க அத்தை. எப்படி இருந்துச்சு?”

“வானிலை கட்டற மாதிரிதான். ஷூக் கயிறு மாதிரி. இழுத்தா கையோட வந்துடுச்சு.”

அக்கா கண்ணை மூடினாள். அப்படியென்றால் அவர் அந்தக் கொடியை இன்னும் தொடவில்லை. இந்த ஷெட்டுக்கும் அந்த ஸ்டாப்புக்கும் நடுவிலோ, கொடியைக் காணாமல் ஸ்டாப்பைத் தாண்டியோ, எங்கேயோ இந்த மழையில் நடந்துகொண்டிருக்கிறார். தளர்ந்த கொடி ஒன்று தெரிந்தால் நிற்பார். தெரியாவிட்டால் நடந்துகொண்டே இருப்பார்.

“அங்க யாராவது இருக்காங்களா?”

“ஒரு ஈ காக்கா இல்ல. மழைக்குப் பயந்து எல்லாரும் ஓடிட்டாங்க. பஸ் வந்ததும் நானும் கிளம்பறேன்.”

“கிளம்பாதீங்க!” அக்கா கத்தினாள். “பஸ்ல ஏறாதீங்க அத்தை. கம்பம் வேண்டாம், மாட்ட நேரமில்ல. கொடியை விரிங்க. கையில விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு ரோட்டைப் பார்த்து நில்லுங்க. அவர் வர்றார். கொடியைத் தேடிக்கிட்டு வர்றார். காலையில இங்க இருந்திருக்கார், பன் சாப்பிட்டிருக்கார், கயிறு கட்டியிருக்கார்...”

அதற்குமேல் அவளால் முடியவில்லை. போன் அவள் மடியில் விழுந்தது. நான் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனை எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. துணி உதறுகிற சத்தம் வந்தது. குடை எங்கோ உருண்டு போகிற சத்தம். காற்றில் துணி பட்பட்டென்று அடித்துக்கொண்டது. அதை இழுத்துப் பிடிக்க அத்தை மூச்சு வாங்கினாள்.

“அத்தை? பிடிச்சுட்டீங்களா?” என்றாள் அக்கா.

“பிடிச்சுட்டேன். கை எட்டல, கால்ல ஒரு ஓரத்தை மிதிச்சுக்கிட்டு நிக்கறேன். விழ மாட்டேன்.”

எங்களுக்கு முன்னால் பாலம் தெரிந்தது. மழையில் அதன் மறுமுனை தெரியவில்லை.

“இவளே, ஒண்ணு மட்டும் சொல்லு” என்றாள் அத்தை. “இது ஒத்தைத் துணியாச்சே. ஒரு பக்கம்தானே நேராத் தெரியும். நான் மூஞ்சியை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கட்டும்? அவன் எந்தப் பக்கத்துலருந்து வருவான்?”

எதிரே வருகிறவரிடமெல்லாம் உள்ளேயா வெளியேயா என்று கேட்கிற அக்கா, எதற்கும் பதில் வைத்திருக்கிற அக்கா, வாயைத் திறந்தாள்.

கண்ணாடியில் வைப்பர் இந்தப் பக்கம் போயிற்று. அந்தப் பக்கம் போயிற்று.

“சொல்லும்மா” என்றாள் அத்தை. “கை வலிக்குது. எந்தப் பக்கம்?”